சுவரில் முட்டாத பாதை

மாசி பிறந்ததும் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றக் கிளம்பிவிட்டேன். நான் ஒரு கட்டிடப் பொறியாளரின் அலுவலகத்தில் வீட்டு வரைபடங்கள் போடுகிறவள். ஊரார் வீடுகளுக்கு அறை அறையாகக் கோடு இழுத்தே வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. சுவருக்கு உள்ளே இருப்பதற்கெல்லாம் எங்கள் வரைபடத்தில் பெயர் உண்டு. சுவருக்கு வெளியே இருப்பது வெறும் காலியிடம். இப்போது எனக்கு அந்தக் காலியிடம்தான் தேவைப்பட்டது. வெயில் ஏறுவதற்குள் அதை ஒரு மனிதர் நடக்கிற இடமாக மாற்றியாக வேண்டும். அந்த மனிதர் என் தகப்பனார், என் அத்தா.

டேப்பின் ஒரு முனையை அவரிடமே கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு டேப்பையும் இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் அளவைக் குறிப்பதற்குள் முனை எங்கேயோ போயிருந்தது.

அத்தா நகரத்துக்குள்ளே செருப்புக் கடை வைத்திருந்தவர். வீடு ஒரு சந்தில், கடை இன்னொரு சந்தில். இரண்டுக்கும் நடுவே காலமெல்லாம் நடந்தார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அம்மா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு ஞாபகம் சரிய ஆரம்பித்தது. முதலில் சாவி வைத்த இடம், பிறகு வாடிக்கையாளர்களின் முகம், பிறகு என் பெயர். தனியாக விட முடியாது என்று ஆனதும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தோம். எங்கள் வீடு அழகர்கோவில் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வயலாக இருந்து மனையாக மாறிய இடத்தில் இருக்கிறது. சந்து கிடையாது, கூட்டம் கிடையாது. அவருக்கு அது ஒரு ஊராகவே தெரியவில்லை.

காலையில் அமைதியாகத்தான் இருப்பார். பேப்பரைத் தலைகீழாகவேனும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டதும் காலுக்குள் யாரோ முறுக்கிவிட்ட மாதிரி எழுந்துவிடுவார்.

“ஏம்மா, கடையத் தொறக்கணும். ஆளு வந்து நிக்கும்.”

“இன்னைக்குக் கடை லீவு அத்தா.”

“லீவா? யாரக் கேட்டு லீவு விட்டீக?”

நேராகக் கேட்டுக்குப் போவார். பூட்டியிருக்கும். இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவார். இரும்பும் இரும்பும் மோதுகிற அந்தச் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். அப்புறம் வீட்டுக்கு உள்ளே, வெளியே, உள்ளே என்று நடப்பார். மருத்துவர் சொல்லியிருந்தார்: “நடக்கணும்னு தோணும்போது நடக்க விடுங்கம்மா. அடக்குனா கோபமாத்தான் மாறும்.” நடக்க விடலாம். எங்கே நடக்க விடுவது?

வீட்டைச் சுற்றி சிமெண்டுத் தளம். ஊருக்கெல்லாம் செருப்பு விற்றவர் இப்போது தன் காலில் செருப்பை விடமாட்டேன் என்கிறார். நாம் மாட்டிவிட்டால் கழற்றி, துணியால் துடைத்து, ஜோடி சேர்த்து, விற்பனைக்கு வைப்பதுபோல ஜன்னல் கட்டையில் அடுக்கிவிடுவார். போன வருடம் பங்குனியிலேயே அந்தத் தளத்தில் மோர் மிளகாய் ஒரே நாளில் காய்ந்துபோனது. சித்திரையில் அந்தத் தளத்தில் வெறுங்காலோடு அத்தா நடப்பதை நினைத்தாலே எனக்கு உள்ளங்கால் கூசியது.

என் கணவர் அழகர்கோவில் சாலையில் ஹார்டுவேர் கடை நடத்துகிறார். மதியம் நான் அலுவலகத்திலிருந்து திரும்பும் வரை அத்தாவோடு இருந்துவிட்டுத்தான் கடை திறப்பார். அவருக்கு எதற்கும் ஒரே மருந்து, பூட்டு.

“கேட்டுக்கு இன்னொரு பூட்டப் போடு. சாயங்காலம் மாமாவ டிவி முன்னாடி உக்கார வையி. நீ என்னத்துக்கு அந்தத் தரைய அளந்துக்கிட்டுக் கெடக்க?”

“உக்கார்றவகளா இருந்தா நான் எதுக்குங்க டேப்பத் தூக்குறேன்?”

வளைகுடாவில் இருக்கிற தம்பி போனில் வேறு ஒன்று சொன்னான். இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்ளவே விடுதிகள் வந்திருக்கிறதாம், விசாரித்து வைக்கட்டுமா என்றான். விசாரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு மறுபடியும் வெளியே போய் அளந்தேன். அளந்ததையே அளந்தேன். அந்த நாட்களில் என் கைக்கு ஏதாவது வேலை இல்லாவிட்டால் எனக்கே பயமாக இருந்தது.

அலுவலகக் கணினியில் முதல் வரைபடம் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. கேட்டிலிருந்து தெற்குப் பக்கமாக ஒரு பாதை, வளைந்து வளைந்து பின்பக்கம் போகிறது. அங்கே ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கு மேலே பந்தல், ஓரத்தில் புல். வீட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டுக் கடைசியில் கலர் படம் காட்டுவார்களே, அப்படி. எங்கள் பொறியாளர்கூட எட்டிப் பார்த்துவிட்டு, “யாரு வீட்டுக்கும்மா? ஜோரா இருக்கே” என்றார்.

அதற்குள் நோன்பு பிறந்துவிட்டது. முதல் நோன்பன்று மாலை, கஞ்சியை இறக்கிவைத்துவிட்டு, கோலமாவை எடுத்துத் தரையில் அந்தப் பாதையை அப்படியே வரைந்தேன். அத்தா வரட்டும், நடக்கட்டும், சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று படியில் உட்கார்ந்தேன். நோன்பு வைக்கிற நிலைமையில் அவர் இல்லை. ஆனாலும் “நோன்பு தொறந்தாச்சா, நோன்பு தொறந்தாச்சா” என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார்.

வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகத்தான் நடந்தார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பின்பக்கம் போனவர் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து எழுந்து போய்ப் பார்த்தேன். பெஞ்சு போடலாம் என்று நான் நினைத்திருந்த மூலையில், சுவரைப் பார்த்தபடி, மூக்கு சுவரில் உரசுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். திரும்பினால் வந்த வழி இருக்கிறது. அது அவருக்குத் தெரியவில்லை. சுவரை உள்ளங்கையால் தடவினார்.

“பூட்டிருக்கு” என்றார்.

“இங்கிட்டுத் திரும்புங்கத்தா.”

“பூட்டிட்டாங்கம்மா. உள்ள ஆளு இருக்கு. பூட்டிட்டாங்க.”

சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. சுவரில் கையை மடக்கிக் குத்த ஆரம்பித்தார். தோளைப் பிடித்துத் திருப்பினேன். திரும்பியதும், இவ்வளவு நேரம் அழுதவரா என்பது போலச் சாதாரணமாக நடந்து போய்விட்டார். என்னால்தான் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. எவ்வளவு அழகான பாதையாக இருந்தாலும் ஒரு முடிவு இருந்தால் அவர் அங்கே போய் மாட்டிக்கொள்வார். முடியாத பாதை வேண்டும். சுற்றிச் சுற்றி வந்தால் மறுபடி அதே பாதையாக இருக்க வேண்டும்.

காகிதத்தில் அது ஒரு வட்டம், அவ்வளவுதான். தரையில் வடக்குப் பக்கம் குறுக்கே நின்றது. வீட்டின் வடக்கில்தான் மாடிப்படி, அதற்குக் கீழே மோட்டார், அதை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி, உடனே காம்பவுண்டுச் சுவர். ஒரு பூனை போகலாம். ஆள் போக முடியாது. படியைப் பெயர்த்து வேறு பக்கம் வைக்கலாமா? தொட்டியின் மேல் சரிவு போட்டு ஏற்றி இறக்கலாமா? வீட்டுக்குள்ளே புகுந்து, ஹால் வழியாக வெளியே வருகிற மாதிரி விடலாமா? அலுவலகத்தில் யாருடைய சமையலறைக்கோ ஜன்னல் வைத்துக்கொண்டிருக்கும்போது மனம் எங்கள் வடக்குச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். எழுந்து தண்ணீர்க் குடத்துக்குப் போவேன், நோன்பு என்று ஞாபகம் வரும், திரும்பி வந்து உட்காருவேன்.

வெயிலோ காத்திருக்கவில்லை. மாசி பாதியிலேயே நண்பகலில் தெரு வெறிச்சோடியது. நாய்கள் சாக்கடைக்குள் இறங்கிப் படுத்தன. ஒருநாள் அத்தா ஓரத்துச் செடியில் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போடப் போனார். தட்டிவிட்டுப் பார்த்தால் அரளி. வீடு குடிவந்தபோது என் கணவர் ஆசையாக வரிசை வைத்தது. விஷம். அன்று மாலையே கடையிலிருந்து கடப்பாரை கொண்டுவந்து எல்லாவற்றையும் அவரே தோண்டி எடுத்தார். வியர்த்து வழிய உட்கார்ந்து, “சரி. தரையையும் பேத்துருவோம். மண்ணு எங்க எறக்கணும்னு சொல்லு” என்றார்.

வடக்கு என்ன ஆகும் என்று தெரியாமலேதான் வேலையைத் தொடங்கினோம். தெற்கிலும் பின்பக்கத்திலும் சிமெண்டைப் பெயர்த்தோம். பாதைக்குக் கிராவல் மண் சொன்னோம். செம்மண்ணும் பொடிக்கல்லும் கலந்தது. தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தால் இறுகிக்கொள்ளும், காலைக் குத்தாது, சிமெண்டு மாதிரி கொதிக்காது. நிழலுக்கு அகத்தியும் முருங்கையும் வைக்கலாம். ஆனால் அவை வளர்ந்து நிழல் தருவதற்குள் இந்தக் கோடை போய்விடும். ஆகவே இந்த வருடத்துக்குச் சவுக்குக் கம்பு ஊன்றித் தென்னங்கிடுகு வேய்வது என்று முடிவு செய்தேன்.

மண் லாரி வந்த அன்றுதான் அது நடந்தது. லாரி உள்ளே வரக் கேட்டை அகலத் திறந்திருந்தோம். நான் டிரைவரிடம் இங்கே, அங்கே என்று கை காட்டிக்கொண்டிருந்தேன். மண் சரிந்து கொட்டியது. புழுதி மறைத்தது. புழுதி அடங்கியபோது அத்தா உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டுக்குள் பார்த்தேன். குளியலறை, மாடி, மோட்டார் ரூம். தெருவுக்கு ஓடினேன். இருபக்கமும் யாரும் இல்லை. கணவருக்குப் போன் போட்டேன். அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் வந்தார்.

“கடை கடைன்னு சொல்லிட்டு இருந்தாகள்ல? டவுனுக்குத்தான் போயிருப்பாக. பஸ் ஏறிருந்தா? நான் பழைய கடைக்குப் போறேன். நீ மெயின் ரோட்டப் பாரு.”

மெயின் ரோட்டில் அழகர்கோவிலுக்குப் போகிற பஸ்கள், வேன்கள், மஞ்சள் வேட்டி கட்டி நடந்து போகிறவர்கள். ஒரு டீக்கடையில் கேட்டேன். பூ விற்கிற அம்மாவிடம் கேட்டேன். ‘வெள்ளச் சட்டை, கைலி, காலில் செருப்பில்லை’ என்று சொல்லிச் சொல்லி நாக்கு ஒட்டிக்கொண்டது. தார் ரோடு அனலாகக் கிடந்தது. அந்த ரோட்டில்தான் அவர் கால் இருக்கும் என்ற நினைப்பு வர வர நான் என் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் அப்படியே போனேன். பொறுக்க முடியாமல் மறுபடி மாட்டினேன். மலைப் பக்கம் போயிருப்பாரா, ஊர்ப் பக்கம் போயிருப்பாரா? ஒரு பக்கம் நடந்தால் இன்னொரு பக்கம் போயிருப்பார் என்று தோன்றியது. பாதியில் திரும்பினேன். மறுபடி பாதியில் திரும்பினேன்.

போலீஸுக்குச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா எங்கள் கேட்டருகே நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடு அது. இந்த மனைகளெல்லாம் வயலாக இருந்த காலத்திலிருந்து இருப்பது. நிலத்தை மனை போட்டு விற்றபோது வீட்டையும் சுற்றி இருந்த இடத்தையும் மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அந்த அக்கா அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெண். மாடு இரண்டும் சில ஆடுகளும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் காம்பவுண்டுச் சுவர் எழுப்பியபோது அவர்களுடைய மாடு போய்வந்த குறுக்குப் பாதை அடைபட்டுப்போனது. அதற்காகச் சண்டையும் போடவில்லை, அதன் பிறகு மனம்விட்டுப் பேசவும் இல்லை. பெருநாளைக்குப் பிரியாணி கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், பொங்கலுக்குக் கரும்பு வரும். அவ்வளவுதான்.

“என்ன தங்கச்சி, அய்யாவத் தேடுறியா? எங்க வீட்டுலல்ல இருக்காரு!”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. “எங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“நான் மாட்டுக்குப் புல்லறுக்கப் போயிட்டு இப்பத்தான் வாரேன். வந்து பாத்தா எங்க வீட்டச் சுத்திச் சுத்தி வாராரு. எம்புட்டு நேரமா சுத்துறாரோ தெரியல. ‘வாங்கய்யா, உக்காருங்க’ன்னேன். என் காலப் பாத்துட்டு, ‘உனக்கு ஏழாம் நம்பர் சரியா வரும்’னுட்டுப் போய்க்கிட்டே இருக்காரு.”

ஓடினேன். அத்தா வேப்பமரத்தடியில் வந்துகொண்டிருந்தார். அந்த வீட்டைச் சுற்றிலும் சாணி தெளித்து மாட்டுக் காலும் மனிதக் காலும் மிதித்து இறுகிய வெறும் மண். எங்கும் தடுப்பு இல்லை. மேற்கே வரிசையாக வேம்பு நின்றதால் முற்றம் முழுக்க நிழல். மாட்டுக் கொட்டகை, வைக்கோல் படப்பு, வீட்டு முன்பக்கம், திரும்பவும் வேம்பு. என்னைக் கடந்து போகும்போது, அறிந்தவர் ஒருவரைத் தெருவில் பார்த்ததுபோலத் தலையை ஆட்டினார். முகத்தில் கடுகடுப்பு இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து மாலை வேளையில் அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. காலைப் பார்த்தேன். புழுதி மட்டும்தான்.

நான் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். “நோன்பு வச்சிருக்கேன்க்கா” என்றேன். “அட, மறந்தே போச்சு” என்று சொம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் விசிறினார்.

கணவருக்குப் போனில் சொன்னேன். நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

“அந்தக் கடை இப்ப செல்போன் கவர் விக்கிற கடையா இருக்கு. பையங்க பாட்டப் போட்டு ஒக்காந்துருக்கானுக. வாசல்ல நின்னு, இங்க ஒரு பெரியவரு வந்தாரான்னு கேட்டேன். யாரு, எந்தப் பெரியவருன்னான். மாமா வந்திருந்தாலும் அவுகளுக்கு அந்த எடம் தெரிஞ்சிருக்காது.”

அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். வடக்குச் சுவரில் பின்பக்கம் ஒரு வழி, முன்பக்கம் ஒரு வழி உடைத்துவிட்டால், பாதை நம்முடைய பின்பக்கத்திலிருந்து அவர்கள் வேம்படிக்குப் போய், அவர்கள் வீட்டு ஓரமாகவே வந்து, மறுபடி நம் வாசலில் சேர்ந்துவிடும். படியும் தொட்டியும் இருக்கிற இடத்தைத் தொட வேண்டியதே இல்லை.

“நாம கட்டுன சுவத்த நாமளே ஒடைக்கிறதா?”

“ஆமா.”

“அவுக நாளைக்கு எடத்த வித்துட்டுப் போயிட்டா?”

“அப்ப மறுபடி கட்டுவோம்.”

“அவுக ஒத்துக்கணும்ல? அவுக மாட்டுப் பாதைய அடச்சவுக நாம.”

நோன்புக் கஞ்சியை ஒரு வாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு இருவருமாகப் போனோம். அக்காவின் கணவர் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து நின்றார். என் கணவர் எதையெதையோ பேசினார், வெயிலைப் பற்றி, தண்ணீரைப் பற்றி. விஷயத்துக்கு வரவில்லை. நான்தான் சொன்னேன்.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாய், இந்தச் சொவரு எழும்புன அன்னைக்கு எங்காத்தா உசுரோட இருந்துச்சு. மாடு வந்து சொவத்துல முட்டி நின்னுச்சு. எங்காத்தா அதப் பாத்து ஒருபாட்டம் ஏசுச்சு. ஒங்களத்தான்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவா வேண்டாமா என்று நின்றோம்.

“பெரியவரு நடக்கத்தான? நடக்கட்டும். ஆனா ஒண்ணு. சாணி கெடக்குது, மூத்திரம் நாறுதுன்னு நாளப்பின்ன சொல்லக்கூடாது. ராத்திரிக்கு ரெண்டு பக்கமும் படல் வச்சு அடச்சுரணும். ஆடு அங்கிட்டு வந்தா ஒங்க செடி தங்காது.”

“சம்மதம்ணே” என்றேன், அவர் முடிப்பதற்குள்.

சுவர் உடைபட்டது. என் கணவர் கொத்தனாரோடு சேர்ந்து தானும் சுத்தியலைப் பிடித்தார். அக்காவின் கணவர் அந்தப் பக்கமிருந்து கல்லை வாங்கி அடுக்கினார். நாங்கள் இந்தப் பக்கம் பாதைக்கு மண் இடித்தோம். பந்தலுக்குக் கிடுகு வந்தது. பெருநாள் அதன் நடுவிலேயே வந்து போனது. கை காய்ப்போடுதான் மருதாணி வைத்துக்கொண்டேன். தம்பி பெருநாள் வாழ்த்துச் சொல்லப் பேசினான். விடுதி ஒன்று பார்த்திருப்பதாகச் சொன்னான். “இப்ப வேணாம்டா. சுவத்த உடைச்சிருக்கோம்” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. வீடியோவில் காட்டினேன். “பக்கத்து வீட்டுக்குள்ளயா நடக்க விடப்போற?” என்று கேட்டான். “ஆமா” என்றேன்.

எல்லாம் தயார் என்று ஆன மாலை, அத்தாவை அழைத்துவந்து விட்டோம். இரண்டு வீட்டு ஆட்களும் நின்றோம். தெற்குப் பக்கம் நடந்தார், பின்பக்கம் போனார், புதிதாக உடைத்த வழிக்கு வந்தார், நின்றுவிட்டார். எதிரே திறந்துகிடக்கிறது. வேப்பமரம் தெரிகிறது. அக்கா அங்கே நின்று “வாங்கய்யா, வாங்க” என்று கூப்பிடுகிறார். அவர் வரவில்லை. காலைத் தூக்கினார். உயரமாக, படி ஏறுகிறவர்போலத் தூக்கி, அந்தரத்தில் வைத்திருந்து, பின்னாலேயே எடுத்துவிட்டார். “பூட்டிருக்கு” என்றார்.

“அவ்வளவுதான்” என்று என் கணவர் முணுமுணுத்தார். அத்தாவை உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் பார்த்த மாதிரியே குனிந்து தரையைப் பார்த்தேன். எங்கள் பக்கம் புதுக் கிராவல், சிவப்பு. அந்தப் பக்கம் சாணி மெழுகிய மண், கருப்பு. நடுவே சுவர் இருந்த இடத்தில், அடியில் நிரவிவிட்ட சிமெண்டு, வெள்ளையாக ஒரு பட்டை. தரை மட்டத்துக்குத்தான் இருந்தது. ஆனால் கண்ணை இடுக்கிப் பார்த்தால் படி மாதிரியும் தெரிந்தது, பள்ளம் மாதிரியும் தெரிந்தது.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். அந்த வெள்ளைப் பட்டையைக் கொத்தி எடுக்கச் சொன்னேன். மிச்சமிருந்த கிராவலை எங்கள் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, வழியைத் தாண்டி, வேம்படி வரைக்கும் ஒரே நிறமாகப் பரப்பினோம். முன்பக்கத்து வழியிலும் அப்படியே. அக்கா குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தார். நான் திமிசுக்கட்டையைத் தூக்கித் தூக்கி இடித்தேன். தோள்பட்டை விட்டுப்போனது. “விடு தங்கச்சி, காயட்டும். இம்புட்டு அவசரம் எதுக்கு?” என்றார் அக்கா. என்னால் விட முடியவில்லை.

அன்று அஸருக்குப் பிறகு அத்தா எழுந்தார். கடையைத் திறக்கணும் என்றார். நாங்கள் யாரும் எதிரில் போய் நிற்கவில்லை. நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். தெற்குப் பக்கம் போனார். பின்பக்கம் மறைந்தார். சுவர் மூலையில் நின்றுவிட்டாரோ என்று காது கொடுத்தேன். பக்கத்து வீட்டு மாடு ஒருமுறை கத்தியது. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. அரிசியைக் களைந்து தண்ணீரை ஊற்றினேன், மறுபடி களைந்தேன். போய்ப் பார்த்துவிடலாமா என்று கதவைத் தொட்டபோது, வாசல் பக்கம், முன்பக்கத்து வழியாக, அத்தா வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு வேப்பங்கொழுந்து. கேட்டைப் பார்க்கவில்லை. கேட்டைக் கடந்து தெற்கே திரும்பிப் போய்விட்டார்.

பங்குனியின் மிச்ச நாளெல்லாம் நடந்தார். எல்லா நாளும் நன்றாகப் போனது என்று சொல்லமாட்டேன். சில மாலைகளில் வேம்படியில் நின்று, “என் வீடு எங்க?” என்று கத்துவார். அப்போது அக்காவின் கணவர் வந்து பேசாமல் கூடவே நடப்பார். ஒருநாள் சாணியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை அடிபடவில்லை. பாதையோரம் நட்டிருந்த முருங்கைப் போத்துக் கம்புகளில் பாதி பட்டுப்போனது. அகத்தி மட்டும் ஆளுயரத்துக்கு எழும்பியது. தடுக்குத் தடுக்காகக் கட்டிய கிடுகுப் பந்தல் ஒரு சூறைக்காற்றில் சாய்ந்து, அதை மறுபடி நிமிர்த்தினோம். சித்திரையில், அழகர் மதுரைக்கு இறங்கி வருகிற நாட்களில், மெயின் ரோட்டில் சனம் ஆறாக நடந்தது. கொட்டுச் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் வந்தது. அத்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததிலிருந்தே சுற்றினார். நாங்கள் பந்தலுக்குக் கீழே மட்டும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். ஆனால் ரோட்டுக்குப் போகணும் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டை உலுக்கவில்லை.

தம்பி லீவில் வந்தான். வந்த மாலையில் அத்தாவுக்குப் பின்னாலேயே நடந்துபார்த்தான். ஒரு சுற்று வந்ததும் நின்றான். “எங்க முடியுது?” என்று கேட்டான். “முடியாது” என்றேன். தலை குனிந்தபடி அடுத்த சுற்றுக்குப் போனான். விடுதிப் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை.

ஆனி பிறந்தபோது என் கணவர் ஒரு நாள் கடையிலிருந்து சீக்கிரமே வந்தார். வண்டியை நிறுத்திவிட்டுப் பாதையில் போய் உட்கார்ந்து, மண்ணை விரலால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க?”

“இல்ல, ஐப்பசியில மழை பிடிச்சா இது சகதியாயிரும்ல? பின்பக்கம் வாட்டம் அவுக வீட்டுப் பக்கமா இருக்கு. தண்ணி பூரா வேம்படிக்குப் போயி நின்னுக்கிரும். மாமா எங்கிட்டு நடப்பாக?”

அது எனக்குப் பல நாளாக மனதில் அரித்துக்கொண்டிருந்ததுதான். இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதில் உள்ளே போய் டேப்பை எடுத்துவந்து, ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன்.